ஒரு தொகுப்பு, பல கணினிகள்

ஆங்கி என்ற நினைவட்டை நிரலில் ஓர் அட்டையை எழுத ஒரு நிமிடம் போதும். அந்த அட்டை உங்கள் நினைவில் எவ்வளவு ஊன்றியிருக்கிறது என்று ஆங்கி வைத்திருக்கும் கணக்கு சேர மாதங்கள் ஆகும். பல கணினிகளில் படிக்கிறவர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இது. நிரலை எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். அட்டையில் உள்ள கேள்வியும் விடையும் புத்தகத்தில் இருக்கின்றன, திரும்ப எழுதிவிடலாம். அந்தக் கணக்கு மட்டும் வேறு எங்கும் கிடையாது.

அரசமைப்பின் 21ஆம் கூறு எதைப் பற்றியது என்று ஓர் அட்டை வைத்திருக்கிறீர்கள். இன்று சரியாகச் சொன்னீர்கள், பத்து நாள் கழித்து மறுபடி கேட்டது, அப்போதும் சரியாகச் சொல்லி ‘குட்’ பொத்தானை அழுத்தினீர்கள். ஆங்கியின் பழைய கணக்கீட்டு முறைப்படி இடைவெளி இரண்டரை மடங்காகும். 10 நாள் 25 ஆகிறது, 25 நாள் ஏறக்குறைய 62 ஆகிறது, அதற்கடுத்த முறை ஐந்து மாதம். இப்படி ஓர் ஆண்டு உழைத்த ஆயிரம் அட்டைகளின் கணக்கு தொலைந்துபோனால், ஆயிரமும் ‘புதிய அட்டை’யாக வரிசையில் வந்து நிற்கும். நன்றாகத் தெரிந்த விடையையும் நாளைக்கே மறுபடி கேட்கும். பலர் படிப்பதையே அந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள்.

காகித அட்டைக் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஜெர்மனியில் செபாஸ்டியன் லைட்னர் 1970களின் தொடக்கத்தில் பரப்பிய முறையில் ஒரு பெட்டிக்குள் பல அறைகள் இருக்கும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு நகரும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். அட்டை எந்த அறையில் இருக்கிறதோ அதுவே அதன் வரலாறு. பெட்டியை எடுத்துக்கொண்டு போனால் வரலாறும் கூடவே வந்துவிடும். போலந்தின் பியோத்தர் வோஸ்னியாக் 1987இல் எஸ்எம்-2 என்ற கணக்கீட்டு முறையைக் கணினியில் எழுதியபோது, அறைகளின் இடத்தில் ஒவ்வோர் அட்டைக்கும் தனித்தனி எண்கள் வந்தன. டேமியன் எல்ம்ஸ் 2006இல் வெளியிட்ட ஆங்கி அந்த முறையின் மேல்தான் எழுந்தது. 2023இல் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய முறையும் உள்ளே வந்தது. நீங்கள் இதுவரை அழுத்திய பொத்தான்களின் பதிவைப் படித்து, உங்கள் மறதியின் வேகத்தை அது கணித்துக்கொள்கிறது. அதனால் பழைய பதிவுக்கு இப்போது மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது.

கைபேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு ஆங்கிடிராய்டு இலவசமாகவே கிடைக்கிறது. பேருந்திலும் வரிசையிலும் அட்டை பார்க்க அதைவிட வசதியானது இல்லை. ஆனால் அட்டை எழுதுவது, படம் ஒட்டுவது, வார்ப்புரு திருத்துவது, நூறு அட்டைகளை ஒரே தடவையில் உள்ளே இழுப்பது எல்லாம் விசைப்பலகை முன் உட்கார்ந்து செய்கிற வேலை. நம்மில் பலருக்கு அந்த விசைப்பலகை ஒரே இடத்தில் இருப்பதில்லை. பகலில் கல்லூரி ஆய்வகம், மாலையில் நூலகம், வீட்டில் அண்ணனோடு பகிர்ந்துகொள்ளும் கணினி என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். இந்த அத்தியாயம் அவர்களுக்காக எழுதப்பட்டது.

எது எங்கே இருக்கிறது

ஆங்கி இரண்டு பகுதிகளாகக் கணினியில் உட்காருகிறது. ஒன்று நிரல். இன்னொன்று தரவு ஃபோல்டர். நாம் கண்ணால் பார்ப்பதெல்லாம் நிரல்தான் என்பதால், அதை மட்டும் பென் டிரைவில் நகலெடுத்துப்போய், வேறு கணினியில் திறந்து, வெறுமையான திரையைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு.

விண்டோஸில் தரவு ஃபோல்டரின் பெயர் ‘ஆங்கி2’. பயனர் கணக்கின் ‘ஆப்டேட்டா’ என்ற மறைவான ஃபோல்டருக்குள் ‘ரோமிங்’ என்பதன் கீழ் இருக்கும். அதனுள் உங்கள் ப்ரொஃபைல் பெயரில் ஓர் உள்ஃபோல்டர். அதைத் திறந்தால் ‘கலெக்‌ஷன்.ஆங்கி2’ என்ற ஃபைல் தெரியும். அட்டைகள், கட்டுகள், நீங்கள் அழுத்திய ஒவ்வொரு பொத்தானின் பதிவு எல்லாம் இந்த ஒரே ஃபைலில் உள்ளன. இதுவே உங்கள் தொகுப்பு. பக்கத்திலேயே ‘கலெக்‌ஷன்.மீடியா’ என்ற ஃபோல்டர் படங்களையும் ஒலிகளையும் வைத்திருக்கும். ‘பேக்கப்ஸ்’ என்ற இன்னொன்றும் இருக்கும். ப்ரொஃபைலுக்கு வெளியே, ஒரு படி மேலே, ‘ஆட்ஆன்ஸ்21’ ஃபோல்டரில் நீங்கள் சேர்த்த கூடுதல் செருகல்களும், ‘பிரெஃப்ஸ்21’ என்ற ஃபைலில் உங்கள் விருப்ப அமைப்புகளும் இருக்கின்றன.

ஆப்டேட்டா ஒரு பயனர் கணக்குக்கு உரியது. ஆய்வகத்தில் நீங்கள் வேறு பெயரில் உள்நுழைந்தால் வேறு ஆப்டேட்டா. இன்னொரு சிக்கலும் உண்டு: பல ஆய்வகங்களிலும் பொதுக் கணினிகளிலும், அணைத்துப் போட்டதும் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பும் மென்பொருள் போட்டிருப்பார்கள். அங்கே நாள் முழுக்க எழுதிய அட்டைகள் மறுநாள் காலை இருக்காது. பொதுக் கணினியில் தரவு ஃபோல்டரை அதன் இயல்பான இடத்தில் விடவே கூடாது.

பென் டிரைவில் அமைக்கும் முறை

விண்டோஸில் ஆங்கியைப் பென் டிரைவிலிருந்தே இயக்கலாம். இதற்கென்று தனிப் பதிப்பு எதுவும் தேவையில்லை. உங்கள் சொந்தக் கணினியில் ஆங்கி நிறுவப்பட்டிருக்கும் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவுக்கு நகலெடுங்கள். பிறகு தரவை எங்கே தேட வேண்டும் என்று நிரலுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது வழக்கம்போல ஆப்டேட்டாவுக்குத்தான் போகும்.

சொல்லும் வழி எளியது. நோட்பேடைத் திறந்து ஒரே ஒரு வரி எழுதி, ‘பேட்’ என்ற பின்னொட்டோடு பென் டிரைவின் முகப்பில் சேமிக்க வேண்டும். பென் டிரைவ் ஜி என்ற எழுத்தில் தெரிகிறது என்று கொண்டால் வரி இப்படி வரும். இங்கே தமிழில் அச்சிட்டிருப்பதை நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்:

ஜி:\ஆங்கி\ஆங்கி.இஎக்ஸ்இ -பி ஜி:\ஆங்கிடேட்டா

நடுவில் உள்ள ‘-பி’தான் முக்கியம். அதற்குப் பின்னால் வருவது தரவு ஃபோல்டரின் முகவரி. இந்த பேட் ஃபைலை இருமுறை சொடுக்கினால் ஆங்கி திறக்கும். தரவெல்லாம் பென் டிரைவிலேயே சேரும். நேரடியாக ஆங்கியின் படத்தைச் சொடுக்கினால் இந்த வரி வேலை செய்யாது, தரவு அந்தக் கணினியிலேயே தங்கிவிடும். பேட் ஃபைலுக்கு ‘இதைத் திற’ என்பதுபோல் தெளிவான பெயர் வைத்துவிட்டால் தவறானதைச் சொடுக்கிவிட மாட்டீர்கள்.

முகவரியில் டிரைவ் எழுத்து கட்டாயம் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு வெறும் பின்சாய்வுக் கோட்டோடு தொடங்கினால் அட்டைகள் திறக்கும், ஆனால் படங்களும் ஒலிகளும் சிங்க் ஆகாமல், அதாவது இணையம் வழியே மற்றக் கணினிகளோடு ஒத்திசையாமல், நின்றுவிடும். ஆங்கியின் கையேடே இதைச் சொல்லி எச்சரிக்கிறது. ஆனால் ஒரு கணினியில் ஜி என்று தெரிகிற பென் டிரைவ் இன்னொன்றில் ஈ என்றோ எஃப் என்றோ தெரியும். ஒவ்வொரு முறையும் வரியைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது. விண்டோஸின் பேட் ஃபைல்களுக்கு ஒரு வசதி உண்டு: சதவீதக் குறி, அலைக்குறி, சிறிய டி, 0 என்று நான்கையும் ஒட்டி எழுதினால், அந்த ஃபைல் எந்த டிரைவில் இருக்கிறதோ அந்த எழுத்தை முக்காற்புள்ளியோடு அதுவே நிரப்பிக்கொள்ளும். ஆகவே வரியை இப்படி மாற்றி எழுதுங்கள்:

%~டி0\ஆங்கி\ஆங்கி.இஎக்ஸ்இ -பி %~டி0\ஆங்கிடேட்டா

இனி எந்தக் கணினியில் செருகினாலும் சரியான முழு முகவரி தானாகவே கிடைக்கும்.

பென் டிரைவை எந்த முறையில் ஃபார்மட் செய்திருக்கிறது என்பதையும் பாருங்கள். கடையில் வாங்கும் சிறிய பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் வரும். அதில் மீடியா சிங்க் சரியாக நடக்காமல் போகலாம் என்பதால் என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றச் சொல்கிறது கையேடு. டிரைவின் மீது வலது சொடுக்கு, ‘ஃபார்மட்’, பட்டியலில் என்டிஎஃப்எஸ், அவ்வளவுதான். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் நிரலையும் அட்டைகளையும் போடும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். மேக் கணினி என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், அதில் எழுத இயல்பாக அனுமதிக்காது. ஒரு பக்கம் விண்டோஸ், மறுபக்கம் மேக் என்று இருப்பவர்கள் பென் டிரைவ் வழியை விட்டுவிட்டு, கீழே சொல்லப்போகும் சிங்க் வழிக்குப் போவதே நல்லது.

பதிப்பைப் பற்றி இரண்டு விஷயம். 2025 நடுவில் வந்த பதிப்புகளிலிருந்து ஆங்கியின் நிறுவும் முறை மாறியது: சிறிய தொடக்க நிரல் ஒன்று இறங்கி, மற்றதை முதல் முறை திறக்கும்போது இணையத்திலிருந்து இழுத்துக் கணினிக்குள் வைக்கிறது. அதற்கு முந்தைய 25.02 வரிசைப் பதிப்புகளில் எல்லாம் ஒரே ஃபோல்டரில் முழுமையாக இருந்தன. பென் டிரைவில் வைத்து இயக்க அவை பொருத்தமானவை. இரண்டாவது, எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பையே வைத்திருங்கள். புதிய பதிப்பில் திறந்த தொகுப்பு புதிய அமைப்புக்கு மாறிவிடும். பிறகு பழைய பதிப்பு அதைத் திறக்க மறுக்கலாம். மாட்டிக்கொண்டால், புதிய பதிப்பில் ‘ஸ்விட்ச் ப்ரொஃபைல்’ திரைக்குப் போய் ‘டவுன்கிரேட் அண்ட் குவிட்’ அழுத்திவிட்டு வெளியேறுங்கள். நிரல் பென் டிரைவிலேயே இருக்கும்போது பதிப்புச் சிக்கல் எழுவதில்லை. நிரலையும் சேர்த்துத் தூக்கிப்போவதன் உண்மையான லாபம் அங்கேதான்.

இன்னொரு லாபமும் உண்டு. செருகல்கள் எல்லாம் தரவு ஃபோல்டருக்குள் இருப்பதால் அவையும் கூடவே வந்துவிடும். சிங்க் வழியில் அவை வருவதில்லை. ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே போட வேண்டும்.

நம்முடையது அல்லாத கணினியில்

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். திரையின் மூலையில் நாளும் நேரமும் சரியா? பழைய கணினிகளில் மதர்போர்டின் சின்ன பேட்டரி தீர்ந்துபோயிருந்தால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். ஆங்கியின் கணக்கு முழுவதும் தேதியின் மேல் நிற்கிறது. இயல்பாக அதிகாலை 4 மணிக்கு அதன் நாள் மாறுகிறது. தேதி இரண்டு நாள் முன்னால் ஓடினால், நாளை மறுநாள் வரவேண்டிய அட்டைகளை இன்றே கேட்கும். நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு பொத்தானும் தவறான நேரத்தோடு பதிவாகும். தேதி பின்தங்கியிருந்தால் இன்று பார்க்க வேண்டிய அட்டை எதுவும் வராது, ‘முடித்துவிட்டீர்கள்’ என்று திரை சொல்லும். சிங்க் செய்கிறவர்களுக்கு இதில் ஒரு காவல் இருக்கிறது: கணினியின் நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகியிருந்தால் சிங்க் நடக்காது. பென் டிரைவில் அந்தக் காவல் இல்லை, பார்த்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள்தான்.

நேரம் சரியாகத் தெரிந்தும் சிங்க் மறுத்தால் நேர மண்டலத்தைப் பாருங்கள். கணினியை வேறு நாட்டு நேர மண்டலத்தில் விட்டுவிட்டு, கடிகார முள்ளை மட்டும் நம்மூர் நேரத்துக்குத் திருப்பி வைத்திருப்பார்கள். பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், உள்ளே பல மணி நேரம் பிசகியிருக்கும்.

அடுத்து வைரஸ். ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் கணினிகளில் செருகிய பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் மறைந்து, அதே பெயரில் ஷார்ட்கட்கள் நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பதற வேண்டாம், ஃபார்மட் செய்துவிடவும் வேண்டாம். உண்மையான ஃபோல்டர்கள் பெரும்பாலும் உள்ளேயே மறைக்கப்பட்டுக் கிடக்கும். அந்த ஷார்ட்கட் எதையும் சொடுக்காமல், நல்ல கணினியில் ஆன்டிவைரஸ் கொண்டு துடைத்துவிட்டு, விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் மறைந்த ஃபைல்களையும் கணினி ஃபைல்களையும் காட்டச் சொன்னால் ‘ஆங்கிடேட்டா’ தெரியும். அதை அப்படியே வேறிடத்துக்கு நகலெடுத்த பிறகு டிரைவைச் சுத்தம் செய்யலாம். பிரிண்ட் எடுக்கக் கொடுக்கும் பென் டிரைவும் ஆங்கி வைத்திருக்கும் பென் டிரைவும் வேறு வேறாக இருக்கட்டும் என்பது என் உறுதியான பரிந்துரை.

படித்து முடித்ததும் அவசரமாகப் பிடுங்காதீர்கள். ‘கலெக்‌ஷன்.ஆங்கி2’ ஒரு தரவுத்தளம். எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் துண்டித்தால் அது சிதையலாம். ஆங்கியின் சாளரத்தை மூடுங்கள், அது முழுதாக மூடும்வரை காத்திருங்கள், பிறகு ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்து எடுங்கள். மின்சாரம் போய் நடுவில் அணைந்துவிட்டதா? அடுத்த முறை திறந்ததும் ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘செக் டேட்டாபேஸ்’ அழுத்துங்கள். சிறிய பழுதுகளை அதுவே சரிசெய்துவிடும்.

பல அலுவலகங்களில் பென் டிரைவையே அனுமதிக்க மாட்டார்கள். அந்தத் தடையைச் சுற்றிப் போக முயலாதீர்கள். அங்கே, தொகுப்பை முன்பே சிங்க் செய்திருந்தால், உலாவியில் ஆங்கியின் வலைத்தளமான ஆங்கிவெப்பைத் திறந்து அன்றைய அட்டைகளைப் பார்க்கலாம், எளிய அட்டைகளைச் சேர்க்கவும் செய்யலாம். செருகல்கள் இருக்காது. மதிய இடைவேளைக்கு அது போதும். எழுந்து போகும்போது வெளியேறிவிட்டுப் போங்கள்.

இணையம் இருக்குமிடத்தில்

இணையம் கிடைக்கிற கணினிகளில், நிரலை நிறுவ உங்களுக்கு உரிமையும் இருந்தால், பென் டிரைவைவிட ஆங்கிவெப் சிங்க்தான் நல்ல வழி. காரணம் இதுதான். காலையில் வீட்டில் முப்பது அட்டை பார்த்தீர்கள், மாலையில் நூலகத்தில் வேறு நாற்பது. இடையில் பென் டிரைவை மறந்துவிட்டு இரண்டு இடத்திலும் தனித்தனி நகல் வைத்துப் படித்திருந்தால், இப்போது இரண்டு தொகுப்புகள், இரண்டிலும் பாதி உண்மை. ஒன்றை மற்றொன்றின் மேல் நகலெடுத்தால் முப்பதோ நாற்பதோ அழியும். சிங்க் இரண்டையும் அட்டை அட்டையாக ஒப்பிட்டு, பார்த்தவற்றை எல்லாம் ஒன்றாக்கிவிடும். ஃபோல்டரை நகலெடுப்பதால் இது ஒருபோதும் நடக்காது.

அதனால் பென் டிரைவ் வழியில் போகிறவர்கள் ஒரே ஓர் உயிருள்ள தொகுப்புதான் இருக்க வேண்டும் என்பதைக் கடைப்பிடியுங்கள். அது பென் டிரைவில் இருக்கிறது என்றால், வீட்டுக் கணினியிலும் அதே பேட் ஃபைல் வழியாக, அதே பென் டிரைவிலிருந்தே படியுங்கள். வீட்டில் இருக்கும் நகல் பேக்கப் மட்டுமே, அதைத் திறந்து படிக்கக் கூடாது.

தரவு ஃபோல்டரை கூகுள் டிரைவிலோ டிராப்பாக்ஸிலோ வைத்துவிட்டால் சிங்க் இலவசமாகக் கிடைத்துவிடுமே என்ற எண்ணம் பலருக்கு வரும். வேண்டாம். ஆங்கி ஃபைலில் எழுதிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் அந்தச் சேவை பாதி எழுதிய ஃபைலை மேலே அனுப்பிவிடும். மறுபக்கம் இறங்குவது சிதைந்த தரவுத்தளம். ஆங்கி மூடியிருக்கும்போது எடுத்த பேக்கப் ஃபைலை அங்கே போட்டு வைப்பதில் தவறில்லை. உயிருள்ள தொகுப்பைப் போடாதீர்கள்.

சிங்க்கில் ஒரே ஒரு திரை அபாயமானது. கட்டமைப்பு மாறும்போது, அதாவது அட்டை வகையில் புதிய புலம் சேர்த்தாலோ நீக்கினாலோ, ஒன்றாக்க முடியாது என்று ஆங்கி நின்றுவிடும். ‘அப்லோட்’ செய்யவா ‘டவுன்லோட்’ செய்யவா என்று கேட்கும். அப்லோட் என்றால் இந்தக் கணினியில் இருப்பது வலைத்தளத்தில் இருப்பதை முழுதாக அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்காரும். டவுன்லோட் என்றால் இதற்கு நேரெதிர். இங்கே ஐந்து நொடி யோசியுங்கள்: கடைசியாக எங்கே படித்தேன், அது சிங்க் ஆனதா? தெரியாவிட்டால் ‘கேன்சல்’ அழுத்திவிட்டு, ‘ஃபைல்’ பட்டியலிலிருந்து ஒரு பேக்கப் எடுத்துக்கொண்டு பிறகு முடிவு செய்யுங்கள். வார்ப்புரு வேலை எதையும் தொடங்கும் முன் எல்லாக் கருவிகளிலும் ஒருமுறை சிங்க் செய்துவிட்டால், இந்தத் திரையில் எதை அழுத்துவது என்ற குழப்பமே வராது.

இதே திரை புதுக் கணினியிலும் வரும். ஆங்கியை நிறுவியதும் ஆர்வத்தில் சோதனைக்காக ஓர் அட்டை எழுதிவிடுகிறார்கள், பிறகு சிங்க் செய்கிறார்கள். இப்போது இரண்டு பக்கமும் வெவ்வேறு தொகுப்பு. கேள்வி வருகிறது, கை அப்லோடுக்குப் போகிறது, ஓர் ஆண்டுத் தொகுப்பின் இடத்தில் அந்த ஒற்றைச் சோதனை அட்டை உட்கார்ந்துவிடுகிறது. புதுக் கணினியில் எதுவும் எழுதும் முன் சிங்க் செய்யுங்கள். தொகுப்பு வெறுமையாக இருந்தால் மேலே இருப்பது கீழே வரும், வேறு வழியில்லை.

வீட்டில் இருவர் ஒரே பென் டிரைவில் படிப்பதாக இருந்தால் இரண்டு ப்ரொஃபைல்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனி ஆங்கிவெப் கணக்கு. தம்பியின் பத்தாம் வகுப்பு வேதியியலும் அக்காவின் குரூப் 2 அட்டைகளும் ஒரே கணக்கில் கலந்தால் பிரிப்பது பெரும்பாடு.

தமிழ் எழுத்து எல்லா இடத்திலும் ஒன்றாகத் தெரிய

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் தமிழ் எழுத்துச் சிக்கலைத் தொடுவது அரிது. நம்முடைய அட்டைகளுக்கு இதுதான் அதிகம் தேவை.

முதலில், யூனிகோடில் மட்டுமே எழுதுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டினால், உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்த எழுத்துரு இருப்பதால் உங்கள் கணினியில் தமிழாகத் தெரிகிறது. வேறு கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் புரியாத ஆங்கில எழுத்துக் கோவை வரும். ஆங்கியில் தேடினாலும் கிடைக்காது. டிடிபி மையத்தில் வாங்கிய பழைய வினா வங்கிகள் பல இப்படித்தான் இருக்கும். அட்டையில் ஒட்டும் முன் எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

யூனிகோடிலும் எழுத்துரு கணினிக்குக் கணினி மாறும். புதிய விண்டோஸில் நிர்மலா, பழைய விண்டோஸில் லதா, மேக்கில் தமிழ் சங்கம், லினக்ஸில் லோஹித் அல்லது நோட்டோ. ஒரே அட்டை ஓரிடத்தில் அழகாகவும் இன்னொரு இடத்தில் நெருக்கமாகவும் தெரியும். தினமும் நூற்றுக்கணக்கான அட்டைகளை வேகமாகப் படிக்கிறவருக்கு எழுத்தின் உருவம் மாறுவது கண்ணுக்குச் சுமை. எழுத்துருவையும் தொகுப்போடு எடுத்துப்போக ஆங்கியில் வழி உண்டு. இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு ஃபைலை ‘கலெக்‌ஷன்.மீடியா’ ஃபோல்டருக்குள் போடுங்கள். ஃபைல் பெயரின் தொடக்கத்தில் ஓர் அடிக்கோடு சேர்த்துவிடுங்கள். அந்த அடிக்கோடு இல்லாவிட்டால், பயன்படாத மீடியாவைத் தேடும்போது அட்டை எதிலும் இல்லாத ஃபைல் என்று கருதி ஆங்கி அதையும் அழிக்கப் பட்டியலிடும். பிறகு அட்டை வகையின் ‘ஸ்டைலிங்’ பகுதியில் ‘ஃபான்ட்-ஃபேஸ்’ விதியாக அந்த ஃபைலின் பெயரைச் சொல்லிவிட்டால் பென் டிரைவிலும் சிங்க்கிலும் எழுத்துரு கூடவே வரும்.

படங்களுக்குப் பெயரிடும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே பயன்படுத்துங்கள். விண்டோஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும். லினக்ஸுக்கு அவை வேறு வேறு பெயர்கள். விண்டோஸில் தெரிந்த படம் ஆய்வகத்து லினக்ஸ் கணினியில் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தமிழ்ப் பெயர்களில் வேறொரு சிக்கல்: ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஃபைல் முறைக்கு அவை வேறு. அட்டைக்குள் எழுதும் எழுத்துகளை ஆங்கி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்பதால் அங்கே கவலை வேண்டாம்.

ஒலிக்கும் இதே கவனம் தேவை. கணினியே வாசிக்கும்படி ‘டிடிஎஸ்’ போட்ட அட்டை, அந்தக் கணினியில் அந்த மொழிக்குக் குரல் இருந்தால்தான் பேசும். பதிவு செய்து சேர்த்த ஒலி ஃபைல் எங்கு போனாலும் ஒலிக்கும். உச்சரிப்பு முக்கியமான மொழிப் பாட அட்டைகளுக்குப் பதிவு செய்த ஒலியையே சேருங்கள்.

பேக்கப், மீட்டெடுப்பு

பென் டிரைவ் தொலையும். சட்டைப்பையோடு துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் போகும், ஆய்வகத்தில் செருகியபடியே விட்டுவிட்டு வருவோம். ஆகவே வாரம் ஒருமுறை, ஒரு குறிப்பிட்ட கிழமையில், முழுத் தொகுப்பையும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

ஆங்கி தானாகவே பேக்கப் எடுக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். அது இரண்டு காரணங்களால் போதாது. அந்த பேக்கப்கள் அதே பென் டிரைவிலேயே இருக்கின்றன. டிரைவ் போனால் அவையும் போகும். மேலும் அவற்றில் படமும் ஒலியும் சேராது. ‘ஃபைல்’ பட்டியலில் ‘எக்ஸ்போர்ட்’ போய், முழுத் தொகுப்பைத் தேர்ந்து, மீடியாவையும் சேர்க்கச் சொல்லி டிக் செய்யுங்கள். ‘கோல்பிகேஜி’ என்று முடியும் ஒற்றை ஃபைல் கிடைக்கும். அதைப் பென் டிரைவுக்கு வெளியே, வீட்டுக் கணினியிலோ இணைய சேமிப்பிலோ வையுங்கள். பழைய ஃபைலின் மேல் எழுதாமல், தேதியோடு பெயரிட்டு, கடைசி சிலவற்றையாவது விட்டு வையுங்கள். சிதைவு ஏற்பட்டதே சில வாரம் கழித்துத்தான் தெரியவரும்.

இதோடு ‘ஏபிகேஜி’ என்று முடியும் இன்னொரு வகையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது தனிக் கட்டை நண்பருக்குக் கொடுப்பதற்கானது. அதில் ‘ஷெட்யூலிங்’ தகவலைச் சேர்க்கச் சொல்லும் பெட்டியை டிக் செய்யாவிட்டால் அட்டைகள் மட்டும் போகும், உங்கள் கணக்கு போகாது. நண்பருக்குக் கொடுக்கும்போது அப்படித்தான் கொடுக்க வேண்டும். உங்கள் மறதிக் கணக்கு அவருக்கு எதற்கு? உங்களுக்காகவே எடுத்துக்கொள்ளும்போது டிக் இல்லாமல் எடுத்தால் இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் சொன்ன இழப்புதான் நேரும். உள்ளே இழுக்கும்போதும் வேறுபாடு உண்டு. ஏபிகேஜி இருப்பதோடு சேர்ந்துகொள்ளும். கோல்பிகேஜி இருப்பதை முழுதாக நீக்கிவிட்டு அதன் இடத்துக்கு வரும்.

தொலைந்த பென் டிரைவில் உங்கள் சிங்க் உள்நுழைவும் இருக்கிறது, எடுத்தவர் கடவுச்சொல் கேட்கப்படாமலே உங்கள் தொகுப்பைத் திறக்கலாம். முதல் வேலையாக ஆங்கிவெப்பில் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். பிறகு புதுப் பென் டிரைவை என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்து, நிரல் ஃபோல்டரையும் பேட் ஃபைலையும் போட்டுத் திறங்கள். வெறுமையான தொகுப்பு வரும். ஆங்கிவெப் பயன்படுத்தி வந்தவர்கள் அப்போதே சிங்க் கொடுத்தால் வேலை முடிந்தது. பென் டிரைவை மட்டும் நம்பியிருந்தவர்கள் கடைசி கோல்பிகேஜி ஃபைலை உள்ளே இழுக்க வேண்டும். இழுத்ததும் படம் உள்ள ஓர் அட்டையையும் ஒலி உள்ள ஓர் அட்டையையும் திறந்து பாருங்கள். ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘செக் மீடியா’ கொடுத்து, காணாமல் போன ஃபைல் ஏதும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, அன்றைய அட்டைகளைத் தொடங்குங்கள். பேக்கப்புக்குப் பிறகு நீங்கள் பார்த்த அட்டைகள் ‘தாமதமானவை’யாக மறுபடி வரும். அவற்றுக்கு உங்களுக்குத் தெரிந்தபடியே விடை சொல்லி, நேர்மையாகப் பொத்தானை அழுத்துங்கள். இடைவெளியைக் கணக்கிடும்போது அந்தத் தாமத நாள்களையும் ஆங்கி சேர்த்துக்கொள்ளும்.